ஸலாமுக்கு அடுத்த துண்டு

பிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது வாப்பா தெரிந்தார்.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சதுரம். அதற்குள் மணல், தென்னை, இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள். அவர்களுக்கு முன்னால் தனியாக ஒருவர். முகம் பிடிபடுவதற்கு முன்பே தோள் பிடிபட்டுவிட்டது. வருஷக் கணக்கில் தொங்காங் படகில் கயிறு இழுத்து ஒரு பக்கம் இறங்கிப்போன தோள் அது.

"வாப்பா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்த மிஸ்ஸி ரோசா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

பிலிமை ஒரு முழம் நகர்த்தினேன். வாப்பா வலது பக்கம் முகம் திருப்பி ஸலாம் கொடுக்கிறார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். இடது பக்கம் திருப்புகிறார். அந்த இடத்தில் ஓர் ஒட்டு. அதுவரை மஞ்சள் சாயம் ஏற்றியிருந்த பிலிம் ஒட்டுக்கு அப்புறம் நீலம். நீலத்துக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண். வாயில் துணி அடைத்து, தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

வாப்பா திரும்பிப் பார்ப்பது அவளைத்தான் என்று ஆகிவிட்டது.

பருத்திக் கையுறைக்குள் என் உள்ளங்கை நனைந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. எந்தச் சதுரத்தில் சிரிப்பு நின்றது என்பது நினைவில்லை.

பழுது பார்க்கும் அறை

அப்போது படங்கள் பேசாது. லண்டனிலிருந்து கப்பலில் வரும் ரீல்கள் பினாங்கில் இறங்கி, பினாங்கு ரோட்டில் இருந்த கொட்டகையில் ஓடி, பிறகு ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் மேடானுக்கும் போகும். ஓடும் முன்பும் ஓடிய பின்பும் அவற்றைப் பழுது பார்ப்பது எங்கள் வேலை. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், வடக்கு ஜன்னல் வைத்த அறை. பெண்கள் மட்டும் வேலை பார்த்த இடம் என்பதால்தான் வாப்பா என்னை அனுப்பினார்.

வேலை இதுதான். பிலிமின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் ஓடவிட வேண்டும். ஓரத்து ஓட்டை கிழிந்த இடம் விரலில் குத்தும். அங்கே வெட்டி, மருந்துப் பூச்சைப் பிளேடால் சுரண்டி, பசை தடவி, மறுதுண்டை அதன் மேல் வைத்து அழுத்த வேண்டும். அந்தப் பசைக்கு அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழத்தின் வாசனை. வீட்டுக்குப் போனாலும் தலைமுடியில் இருக்கும். "பிசாங் விக்கப் போனியா, வேலைக்குப் போனியா?" என்று வாழைப்பழத்துக்கு மலாய்ச் சொல்லைப் போட்டு உம்மா கேட்பாள்.

அறைக்குள் கூடாதவை நான்கு: விளக்கு, அடுப்பு, சுருட்டு, அவசரம். அந்தக் காலத்துப் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். சேர்ந்த நாளிலிருந்து நான் பயந்தது நெருப்புக்குத்தான். ஒரு துண்டு பிலிம் வேறு விதமாகவும் எரிக்கும் என்று அந்தக் காலை வரை எனக்குத் தெரியாது.

படத்தில் வந்த முஸ்லிம்கள்

கொட்டகையில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் படம் ஓடிவிடும். எங்களுக்கு ஓடாது. சதுரம் சதுரமாக நிற்கும். அதனால் நான் லண்டன் படங்களில் வரும் முஸ்லிம்களை நிறுத்தி வைத்தே பார்த்திருக்கிறேன். அவர்களை மனதுக்குள் வகை பிரித்தும் வைத்திருந்தேன்.

முதல் வகை, தாடிக்காரன். பாறைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்ப்பான். இரண்டாம் வகை, தலைப்பாகையோடு தட்டு ஏந்தி நிற்பவன். எஜமான் செத்தால் அழுவான். மூன்றாவது, முகத்திரைப் பெண். வெள்ளை ஆபீசருக்காகக் குண்டடி பட்டுச் சாவாள். நான்காவது, நல்ல ஷேக். கடைசி ரீலில் பார்த்தால் அவர் குழந்தையில் தொலைந்துபோன இங்கிலீஷ்காரராக இருப்பார்.

இவர்களில் பெரும்பாலோர் சாயம் பூசிய வெள்ளைக்காரர்கள். ஓடும்போது தெரியாது. சதுரத்தில் தெரியும். சாயம் கழுத்தோடு நின்றுவிடும், சட்டை விலகினால் உள்ளே வெள்ளை.

அவர்களில் யாரும் மீன் வாங்கி நான் பார்த்ததில்லை. பிள்ளைக்குச் சளி என்று கவலைப்பட்டுப் பார்த்ததில்லை. தொழுவார்கள். ஆளுக்கொரு திசையில், செருப்போடு, கையை உயரத் தூக்கித் தூக்கிக் குனிவார்கள். தொழுகை வந்தால் அடுத்து கொலை வரும். இது எனக்கு மனப்பாடம். மிஸ்ஸி ரோசாவும் நானும் பந்தயம் கட்டுவோம். "செம்பாயாங் வந்துடுச்சு, இனி கத்தி வரும் லா," என்பாள். வரும். இருவரும் சிரிப்போம்.

மிஸ்ஸி ரோசா செராணி, அதாவது ஐரோப்பியக் கலப்பு வழி வந்த கிறிஸ்தவப் பெண். எங்கள் அறைக்கு மேற்பார்வை. பிலிமை ஒட்டும் விதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அவள் ஒட்டிய இடத்தை விரலால் கண்டுபிடிக்க முடியாது.

சிரித்தோம் என்று எழுதினேன். அப்போது அவர்கள் யாரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை.

துடுப்பு நட்ட இடம்

வாப்பா அதில் எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் மூன்றுகால் பெட்டியோடு படம் பிடிக்கப் பினாங்குக்கு வந்தது. தாடி வைத்த ஆட்கள் வேண்டும் என்று துறைமுகத்தில் கேட்டார்கள். வாப்பா ஒரு தொங்காங்குக்குத் தண்டல், அதாவது கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகுக்குத் தலைவர். தம் ஆட்களோடு போனார். அரசர் கதை என்று சொன்னார்களாம். நாள் கூலியும் மத்தியானச் சோறும்.

பாயான் லெப்பாஸ் கடற்கரையில் இறக்கி, உடுப்பு மாட்டி, தொழச் சொன்னார்கள். கடலைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் சரியாக விழும் என்று சொன்னார்கள்.

"கடல் பக்கம் கிப்லா இல்லையே துரை," என்றாராம் வாப்பா, தொழ வேண்டிய திசை அது இல்லை என்று.

"சும்மா நடிப்புத்தான்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நடிப்புக்குக் குதிக்கச் சொல்லுங்க, குதிக்கிறேன். அல்லாஹு அக்பர்னு தக்பீர் கட்டிட்டா அது தொழுகைதான்."

அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் பெட்டியைத்தான் தூக்கி மறுபக்கம் வைத்தார்கள். அதற்குள் சாயங்கால அசர் தொழுகை நேரம் வந்துவிட்டது. ஆட்கள் கைகால் முகம் கழுவி ஒளு செய்து வந்து நின்றார்கள். தொழுகிறவருக்கு முன்னால் யாரும் குறுக்கே போகக் கூடாது என்பதற்காக வாப்பா ஒரு துடுப்பை மணலில் நட்டார். இரண்டு ரக்அத் ஆனதும் துரை "போதும், போதும்" என்று கத்தினார். யார் நிறுத்துவது? நான்கும் முடித்து ஸலாம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

மறுநாள் கையில் ஒரு மரக்கத்தி கொடுத்தார்கள். வெள்ளித் தாள் ஒட்டியது. "பெருநாளைக்கு ஆடு அறுக்கப் போவீங்களே, அது மாதிரி வாங்க," என்றார்கள். வாப்பா வந்தார். பழக்கத்தில், அறுக்கும் முன் இறைவன் பெயர் சொல்லும் பிஸ்மியும் சொன்னார்.

இதையெல்லாம் அவர் எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். "வெள்ளைக்காரன் பெட்டிய நம்ம திசைக்குத் திருப்ப வச்சோம் புள்ள," என்பார். படம் எப்போது வரும் என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், மத்தியான ஆட்டம் என்று தெரிந்ததும் தம் ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்துவிட்டார்.

கத்தரிக்கோல்

அந்த ரீலை முழுவதும் பார்த்தேன். வரிசை இப்படி: வாப்பாவின் தொழுகை. கட்டிப்போட்ட பெண். ஓர் எழுத்து அட்டை. கத்தியோடு வரும் வாப்பா. அட்டையில் இருந்தது, "கொல்லும் முன் அவர்கள் தங்கள் கடவுளிடம் அனுமதி கேட்கிறார்கள்." கத்தியோடு வரும் இடத்தில் வாப்பாவின் உதடு அசைந்தது. அவர் சொல்வது என்ன என்று எனக்குத் தெரியும். அது பிஸ்மி.

மற்றப் படங்களில் தொழுகை பொய்யாக இருக்கும். இதில் உண்மை. வாப்பாவுக்கு முன்னால் அந்தத் துடுப்புகூட நின்றது.

பயத்தை உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். வாப்பா எங்கள் சந்தில் உள்ள சூராவில், அதாவது சின்னத் தொழுகை இடத்தில், இமாமாக நிற்பவர். கூலிக்குத் தொழுது காட்டினார் என்று சொல்வார்கள். அவர் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். அது ஒன்று. கொட்டகைக்குள்ளேயே கல் பறக்கலாம். அது இரண்டு. இனி வாப்பா தெருவில் போகும்போது, அவரைத் தெரியாதவர்கள் அவரை எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்? இந்த மூன்றாவதை நான் யோசித்து முடிக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டேன்.

கத்தரிக்கோல் மேஜையில் இருந்தது. கையில் எடுத்தேன்.

"ஜாங்கான் லா, சுலைகா," என்றாள் மிஸ்ஸி ரோசா. வேண்டாம் என்று. "பிலிம் திரும்பிப் போகும்போது எத்தனை அடின்னு அளப்பான். உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். அதோட இது ஒரு பிரதிதான். வேற ஊருக்கு வேற பிரதி போயிருக்கும்."

"இது எங்க வாப்பா, மிஸ்ஸி."

"தெரியாதா எனக்கு? இது வெறும் ஒட்டு. இங்க மஞ்சள், இங்க நீலம். எவளோ ஒருத்தி லண்டன்ல உட்கார்ந்து பசை போட்டிருக்கா." அந்த ஒட்டின் மேல் விரலை ஓட்டினாள். "நல்லாத்தான் போட்டிருக்கா."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பெண்ணை வெட்டினால் கத்தி மிஞ்சும். கத்தியை வெட்டினால் அட்டை மிஞ்சும். எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டுமானால் வாப்பாவின் தொழுகையைத்தான் வெட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் வாப்பாவிடமே சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பொண்ணு?"

"ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வாப்பா. கட்டிப்போட்டிருக்காங்க."

"அங்க பொண்ணே கிடையாதே."

"வேற எடத்துல எடுத்து, உங்க படத்தோட சேர்த்து ஒட்டியிருக்காங்க."

வாப்பா என்னையே பார்த்தார். "நீ கிழிஞ்சதைத்தானே ஒட்டுற? கிழியாததை எதுக்கு ஒட்டுறாங்க?"

அவர் சட்டையை வாங்கி மடித்தேன். "நான் தொழுதேன், புள்ள. தொழுததைத்தான் காட்ட முடியும். நீ பயந்தாங்கொள்ளி," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். உம்மா மட்டும் குசினி வாசலில் நின்று, "போவாதீங்கன்னு சொல்லு, போவாதீங்கன்னு சொல்லு," என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியான ஆட்டம்

கொட்டகையில் எழுத்து அட்டைகளை மலாயிலும் தமிழிலும் உரக்கச் சொல்வதற்குக் கோவிந்தசாமி அண்ணன் இருந்தார். சொல்லும்போதே நடுவில் கேலி சேர்ப்பார், அதற்காகவே கூட்டம் வரும். ஆட்டத்துக்கு முன்னால் அவரைப் பிடித்தேன்.

"அந்த அட்டைய மாத்திச் சொல்லுங்கண்ணே."

"நான் மாத்தி என்ன தங்கச்சி? கத்தி என் வாயிலயா இருக்கு? அது படத்துல இல்ல இருக்கு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பார்ப்போம்," என்றார்.

பெண்கள் பக்கத்துத் தட்டியின் பின்னால் உம்மாவும் நானும் உட்கார்ந்தோம். முன் பெஞ்சுகளில் வாப்பாவும் அவர் ஆட்களும், புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாக. விளக்கு அணைந்தது. பின்னால் யந்திரம் தட்டத் தொடங்கியது. ஒவ்வொரு ரீல் மாறும்போதும் எண்ணிக்கொண்டேன். வாப்பா வருவது நான்காவது ரீல்.

கடற்கரை வந்தது. முன் பெஞ்சு எழுந்து நின்றுவிட்டது. "தண்டல்! தண்டல் வந்துட்டாரு!" "டேய், அந்தக் குட்டையன் நான்டா!" "உட்காருங்கடா, தலை மறைக்குது!" வாப்பாவின் தலை மட்டும் அசையவில்லை.

தொழுகை தொடங்கியதும் சத்தம் அடங்கியது. பாதிப்பேர் தொப்பியைச் சரி செய்தார்கள். "அசர் தொழுறாங்க," என்றார் கோவிந்தசாமி அண்ணன், கேலி இல்லாமல்.

வலது ஸலாம். இடது ஸலாம். நீலம்.

அட்டை வந்தது. கோவிந்தசாமி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகையில் யந்திரத்தின் சத்தம் மட்டும். பிறகு வாப்பா கத்தியோடு வந்தார். சதுரத்தில் சின்னதாகப் பார்த்த முகம் சுவர் அளவுக்கு வந்தது. பற்கள் தெரிந்தன. உதடு அசைந்தது. பின் வரிசையில் யாரோ மலாயில், ஓடு, ஓடு என்று அந்தப் பெண்ணுக்குக் கத்தினார்கள். ஒரு குழந்தை வீரிட்டது.

நானும் பின்னுக்குச் சாய்ந்தேன். அதை எழுதாமல் விட முடியவில்லை. ஒட்டு எங்கே இருக்கிறது என்று அந்தக் கொட்டகையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் என் முதுகு தானாகச் சாய்ந்தது.

அப்போது வாப்பா எழுந்தார். "அந்தப் பொண்ணு அங்க இல்ல!" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். "நான் அவளைப் பார்த்ததே இல்ல!"

கூட்டம் சிரித்தது. இதுவும் வேடிக்கை என்று நினைத்தார்கள். "படத்துல மட்டும் பார்த்தியாக்கும்!" என்றான் ஒருவன். வாப்பா சுற்றிலும் பார்த்தார், யாரிடம் சொல்வது என்று தெரியாதவர் மாதிரி. பக்கத்தில் இருந்த, அவர் படகில் வேலை செய்யும் காசிம் காக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கல் பறக்கவில்லை. என் பயத்தில் ஒன்று நடக்காமல் போனது.

பின்னால் நிற்பவர்கள்

மறுநாள் அசருக்கு நானும் உம்மாவும் சூராவின் பெண்கள் பக்கத்தில், துணி மறைப்புக்கு இந்தப்புறம் நின்றோம். தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத் சொல்லியாயிற்று. வாப்பா முன்னால் போகவில்லை என்பது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க தண்டல். காசுக்குத் தொழுது காட்டினவர் பின்னால நிக்க மனசு ஒப்பலை."

"நியாயம்தான்," என்றார் வாப்பா. "நான் கடைசி வரிசையில நிக்கிறேன்."

உம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"அப்ப நாங்க எங்க நிக்கிறது?" காசிம் காக்காவின் கரகரத்த குரல். "நாங்களும்தான் காசு வாங்கினோம். சோறும் தின்னோம். அன்னைக்கு அசர் வக்து வந்துடுச்சு. துரை நிறுத்துன்னு கத்தினான், இவரு நிறுத்தலை. நீங்க அங்க இருந்திருந்தா நிறுத்தியிருப்பீங்க, கடைக்காரக் காக்கா."

யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம். கடைக்காரர் ஏதோ முணுமுணுத்தார். பிறகு கால்கள் நகர்ந்தன, பாய் சரசரத்தது. "அல்லாஹு அக்பர்" என்று வந்த குரல் வாப்பாவுடையது. அவர் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று மறைப்புக்கு இந்தப்புறம் தெரியவில்லை. நெற்றி தரையில் வைக்கும் ஸஜ்தாவில் தரை அதிர்ந்ததை வைத்து, எல்லோரும்தான் என்று நினைத்தேன்.

பயம் முடிந்துவிட்டது என்று உம்மா அன்றிரவு பால் காய்ச்சினாள்.

தாழ்ப்பாள்

அடுத்த வாரம், மழை பிடித்த ஒரு சாயங்காலம். ஜன்னல் வெளிச்சம் மங்கிவிட்டதால் வேலையை நிறுத்திவிட்டு, ரீல்களைத் தகர டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தோம். மற்றப் பெண்கள் போய்விட்டார்கள். மிஸ்ஸி ரோசாவும் நானும் மட்டும்.

வாப்பா தினமும் வேலை முடிந்து வருகிற வழியில் என்னை அழைத்துப் போவார். மாடிப்படியில் அவர் காலடி தனியாகத் தெரியும், ஒரு பக்கம் அழுத்தி ஏறுவார். வாசலில் நின்று மிஸ்ஸி ரோசாவிடம் நாலு வார்த்தை பேசாமல் போக மாட்டார். அவளுக்கு இடுப்பு வலி, அதற்கு ஒரு தைலம் சொல்லியிருந்தார்.

அன்றும் காலடி கேட்டது. மிஸ்ஸி ரோசா கதவுக்குப் பக்கத்தில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சால்வையை எடுக்கத் திரும்பினேன்.

இரும்பு உராயும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். மிஸ்ஸி ரோசாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. தாழ் முழுவதும் போடப்பட்டிருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி.

வெளியே காலடி நின்றது.

இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கும். பிறகு மிஸ்ஸி ரோசா அவசரமாகத் தாழை இழுத்துக் கதவைத் திறந்தாள். "காற்று, தண்டல்," என்றாள் மலாயில். "மழைக் காற்று. கதவு அடிக்குது லா." முகம் சிவந்துவிட்டது. கதவு அடிக்கவில்லை. அந்தச் சந்தில் அன்று இலைகூட அசையவில்லை, மழை நேராக விழுந்துகொண்டிருந்தது.

வாப்பா வாசலில் இல்லை. நான்கு படி கீழே இறங்கி நின்றிருந்தார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கைகள் இரண்டையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்திருந்தார். இப்படி நிற்க அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவற்றில் மழைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான்தாம்மா," என்றார் மிஸ்ஸி ரோசாவைப் பார்த்து, மெதுவாக. "சுலைகாவோட வாப்பா."